தேக்காவின் ஞாயிற்றுக்கிழமையை யார் எண்ணுகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு, சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் எத்தனை பேர் இருப்பார்கள்? பஃப்லோ ரோட்டுக் காய்கறிக்கடையில் கேட்டால் ஒரு கணக்குச் சொல்வார்கள். ஊருக்குப் பணம் அனுப்பும் கடையில் வேறொரு கணக்கு. சையது ஆல்வி ரோட்டைக் கடக்கமுடியாமல் நிற்கும் டாக்சி ஓட்டுநரைக் கேட்டால் சொல்லவே வேண்டாம். வெளிநாட்டு ஊழியர்களுக்காக அங்கே இலவச ஆலோசனை மேசை ஒன்றைப் போட நினைக்கும் தொண்டு அமைப்புக்கு இது பொழுதுபோக்குப் பேச்சு அல்ல. எத்தனை நாற்காலி வேண்டும், தமிழ் பேசும் தொண்டூழியர் எத்தனை பேர், வங்காளம் பேசுபவர் எத்தனை பேர், மேசையை மூன்று மணிக்குப் போடுவதா ஆறு மணிக்கா என்பதெல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தது.

விடையில் ஒரு துண்டு இலவசமாகவே கிடைக்கிறது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ‘டேட்டாமால்’ தளத்தில் பதிந்துகொண்டால் ஒரு சாவி எண் தருவார்கள், கட்டணம் இல்லை. அதை வைத்து ஒவ்வொரு எம்ஆர்டி நிலையத்திலும் எந்த மணி நேரத்தில் எத்தனை பேர் அட்டையைத் தட்டி உள்ளே போனார்கள், எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்ற மாதக் கோப்பை இறக்கிக்கொள்ளலாம். எக்செல் தெரிந்தவருக்கு இது போதும், நிரலாளர் தேவையில்லை. லிட்டில் இந்தியா நிலையம் வடகிழக்குத் தடமும் டௌன்டவுன் தடமும் சந்திக்கும் இடம் என்பதால் கோப்பில் அதன் பெயர் ‘என்இ7/டிடி12’. அதை மட்டும் பார்த்தால் பாதி ஆளைத் தவறவிட்டுவிடுவோம். முஸ்தஃபா கடைத்தொகுதிப் பக்கம் போகிறவர்கள் என்இ8 ஆன ஃபேரர் பார்க்கில் இறங்குவார்கள். ஜாலான் புசார், ரோச்சோர் நிலையங்களையும் சேர்க்கவேண்டும். பேருந்து நிறுத்தங்களுக்குத் தனிக் கோப்பு உண்டு.

இத்தனையும் செய்து வரிசைப்படுத்திய பிறகுதான் ‘நாள் வகை’ என்ற பத்தி கண்ணில் படும். அதில் இரண்டே வகைதான். ஒன்று வார நாள். மற்றது வார இறுதியும் பொது விடுமுறையும். சனியையும் ஞாயிறையும் பொது விடுமுறையையும் ஒரே பானையில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தேக்காவைத் தெரிந்தவருக்குச் சனி வேறு, ஞாயிறு வேறு என்பதைச் சொல்லித்தரவேண்டியதில்லை. கோப்புக்கு அது தெரியாது.

இன்னும் இருக்கிறது. தட்டி வெளியே வந்தவர் ஊழியரா, சுற்றுப்பயணியா, ஜூரோங்கிலிருந்து மல்லிகைப்பூ வாங்க வந்த அம்மாவா என்று கோப்பு சொல்லாது. சொல்லவும் கூடாது. ஆனால் தங்குவிடுதிகளிலிருந்து தனியார் பேருந்துகளில் வந்து இறங்குகிறவர்கள் அதில் இல்லவே இல்லை. அவர்கள் எம்ஆர்டி வாசலில் அட்டையைத் தட்டுவதில்லை. ஆகக் கூட்டத்தில் எந்தப் பகுதிக்காக மேசை போடுகிறோமோ, கோப்பு தவறவிடுவது பெரும்பாலும் அந்தப் பகுதியைத்தான்.

அப்படியானால் கோப்பைத் தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டாம். ஆள் எண்ணிக்கைக்கு அது உதவாது, நேரத்துக்கு உதவும். வார இறுதியில் வெளியே வருகிறவர்களின் அலை எந்த மணிக்கு எழுகிறது, உள்ளே போகிறவர்களின் அலை எந்த மணிக்கு அதைத் தாண்டுகிறது என்பது வரைபடத்தில் பளிச்சென்று தெரியும். மேசை போடும் நேரத்தைத் தீர்மானிக்க அது போதும். எண்ணிக்கைக்கு ஆட்களை நிறுத்தித்தான் எண்ணவேண்டும். ஒரு எச்சரிக்கை: கடைசி மூன்று மாதக் கோப்புகள்தான் தளத்தில் இருக்கும். தீபாவளி மாதத்தை அடுத்த ஆண்டோடு ஒப்பிட நினைப்பவர் அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்ளவேண்டும். இறக்குவதற்குத் தரும் இணைப்பும் ஐந்து நிமிடத்தில் காலாவதியாகிவிடும். தேநீர் போட்டுவிட்டு வந்து பார்த்தால் மறுபடி முதலிலிருந்து.

கணக்கில் வராத பதினாறு லட்சம்

சிங்கப்பூர் அரசாங்கத்தின் பொதுத் தரவுத் தளமான டேட்டா.கவ்.எஸ்ஜி 2011-ல் தொடங்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே சிங்கப்பூர் நில ஆணையம் ‘ஒன்மேப்’ என்ற வரைபடத்தை வெளியிட்டிருந்தது. புள்ளிவிவரத் துறையின் அட்டவணைகள் தனி. மூன்றிலும் சேர்த்து இன்று கிடைப்பது மலைபோல. மழை, புகைமூட்டம், டெங்கிக் குழுமங்கள், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) மறுவிற்பனை விலை, மூத்தோர் பராமரிப்பு நிலையங்கள், மானியச் சிகிச்சை தரும் சாஸ் மருந்தகங்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று எதைத் தேடினாலும் ஒரு கோப்பு அகப்படும். உரிமம் தாராளமானது. எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கும் பொருளில்கூடச் சேர்க்கலாம். எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிடவேண்டும், அந்த அரசு அமைப்பே நம் வேலைக்கு முத்திரை குத்தியதுபோல் காட்டிக்கொள்ளக் கூடாது.

இவ்வளவு கொட்டிக்கிடக்கும் இடத்தில் எதையும் தேடும்முன் கேட்டுக்கொள்ளவேண்டியது, இதில் யார் இல்லை என்பதுதான். 2020 கணக்கெடுப்பின்போது சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகை 56.9 லட்சம். அதில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 40.4 லட்சம். எஞ்சிய 16.4 லட்சம் பேர் வேலை அனுமதிச்சீட்டிலோ வேறு அனுமதிகளிலோ இருப்பவர்கள். இனம், மொழி, வயது, வீட்டு வகை, வட்டாரம் என்று பிரித்துப் பிரித்துத் தரும் அட்டவணைகள் அனேகமாக எல்லாமே அந்த 40.4 லட்சத்தைப் பற்றியவை. ரோச்சோர் திட்டப் பகுதியில் லிட்டில் இந்தியா ஒரு துணைப்பகுதி, ஃபேரர் பார்க் இன்னொன்று. இந்தத் துணைப்பகுதிகளில் எத்தனை இந்தியர், எத்தனை பேர் மூத்தோர் என்றெல்லாம் கோப்பு சொல்லும். அங்கே குடியிருப்பவர்களைப் பற்றித்தான் அது சொல்கிறது. ஞாயிறன்று அங்கே நிற்பவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

குடியிருப்பவர்களுக்காக வேலை செய்யும் அமைப்புகளுக்கு அந்தக் கோப்பு பொன்தான். ஒரு உதாரணம் மட்டும். வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன இந்தியர்கள் 2010-ல் 36.7 விழுக்காடு, 2020-ல் 27.3 விழுக்காடு. ஆங்கிலம் 41.6-லிருந்து 59.2-க்கு ஏறிவிட்டது. தமிழ் மேடைகளில் இந்த எண்ணைச் சொல்லிப் பெருமூச்சு விடுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். முதியோருக்குத் தமிழில் சேவை தரும் அமைப்பு இதை வேறு விதமாகப் படிக்கவேண்டும். இது எல்லா வயதுக்குமான சராசரி, எழுபதைத் தாண்டியவர்களின் கதை இதற்குள் ஒளிந்திருக்கிறது. வயதுவாரி அட்டவணையைப் பார்க்காமல் ‘தமிழ் பேசுபவர் குறைந்துவிட்டனர், தமிழ்த் தொண்டூழியர் இனித் தேவையில்லை’ என்று முடிவெடுத்தால், தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டிதான் அதற்கு விலை கொடுப்பார்.

துணைப்பகுதி எண்களில் இன்னொரு பொறி. அவை பத்துக்கு முழுமையாக்கித் தரப்படுபவை. சிறிய துணைப்பகுதியில், எண்பத்தைந்து தாண்டிய இந்தியப் பெண்கள் என்று சுருக்கிக்கொண்டே போனால் ‘10’ என்று ஒரு எண் நிற்கும். உண்மையில் ஏழு பேராக இருக்கலாம், பதின்மூன்று பேராக இருக்கலாம். போன ஆண்டு பத்து, இந்த ஆண்டு இருபது, ஆகவே நூறு விழுக்காடு உயர்வு என்று நிதிகேட்பு மனுவில் எழுதியவர்களும் உண்டு. முழுமையாக்குவது சோம்பேறித்தனத்தால் அல்ல, அந்தப் பத்துப் பேரை யாரும் கதவு தட்டிக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக.

வெளிநாட்டு ஊழியர்களைப் பற்றி மனிதவள அமைச்சு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அட்டவணை வெளியிடுகிறது. 2023 டிசம்பரில் கட்டுமானம், கப்பல் பட்டறை, செயல்முறை ஆகிய துறைகளில் மட்டும் வேலை அனுமதிச்சீட்டில் இருந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். இல்லப் பணிப்பெண்கள் இரண்டரை லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். துறை இருக்கிறது, அனுமதியின் வகை இருக்கிறது. எந்த நாட்டவர் எத்தனை பேர் என்ற பத்தி இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் எத்தனை பேர், பங்ளாதேஷிலிருந்து எத்தனை பேர் என்று தெரியாமல்தான் தேக்காவில் மொழிபெயர்ப்பாளர் பட்டியல் போடப்படுகிறது.

எண்ணப்பட்ட காலம்

வெளிநாட்டு ஊழியர்கள் நாள்தோறும் எண்ணப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 2020 ஏப்ரலில் தங்குவிடுதிகளில் கொவிட்-19 பரவியபோது சுகாதார அமைச்சின் தினசரி அறிக்கையில் ‘சமூகம்’ ஒரு வரி, ‘தங்குவிடுதி’ வேறொரு வரி. பொங்கோலில் உள்ள எஸ்11 விடுதி போன்ற பெயர்கள் வீட்டு வரவேற்பறை வரை வந்தன. அவ்வாண்டு டிசம்பரில் வெளியான கணக்கு: விடுதிகளில் இருந்த ஏறத்தாழ 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. பரிசோதனையில் அப்போதே பிடிபட்டவர்களைவிட, பின்னர் இரத்தப் பரிசோதனையில் தெரியவந்தவர்களே அதிகம்.

இந்த வெளிப்படைத்தன்மையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்த எண்கள் வெளியாகியிராவிட்டால் அமைப்புகள் எந்த விடுதிக்கு எதைக் கொண்டுபோவது என்று தெரியாமல் தவித்திருக்கும். ஆனாலும் இரண்டு வரிகளாகப் பிரித்து எண்ணியதற்கு ஒரு பின்விளைவு இருந்தது. சமூக வரி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியதும் ஊர் மூச்சு விட்டது, விடுதி வரி நூற்றுக்கணக்கில் இருந்தபோதும். ஒரே தீவில் இருப்பவர்களுக்கு இரண்டு நிலவரம் என்பது கண்ணுக்குப் பழகிப்போனது. அட்டவணையின் பத்திகளை யார் வகுக்கிறார்களோ அவர்கள்தான் பார்வையையும் வகுக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

விடுதி ஊழியர்கள் வெளியே போவதற்கே கட்டுப்பாடு இருந்த நிலையில், 2021 செப்டம்பரில், தடுப்பூசி போட்ட ஊழியர்கள் வாரத்துக்கு 500 பேர் வரை லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங் சிராய்க்கும் போய்வரலாம் என்று முன்னோட்டத் திட்டம் வந்தது. 2022 ஜூனிலிருந்து ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட் ஆகிய நான்கு இடங்களுக்குப் போக விடுதி ஊழியர்களுக்குத் தனி அனுமதி வேண்டியிருந்தது. நான்குக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 80,000 அனுமதிகள் வரை. பின்னர் அது கைவிடப்பட்டது.

கவனித்தீர்களா? தேக்காவின் ஞாயிற்றுக்கிழமைக்கு அந்தச் சில மாதங்கள் ஒரு கணக்கு இருந்தது. யார், எந்த விடுதி, எந்த இடம், எத்தனை மணி என்பதெல்லாம் ஏதோ ஒரு கணினியில் பதிவாகியிருக்கவேண்டும். அது கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதற்காக எடுத்த கணக்கு. தொண்டு அமைப்புகள் தரவு கேட்கும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. நமக்கு வேண்டியது மணிவாரி மொத்த எண். பெயரும் அனுமதிச்சீட்டு எண்ணும் சேர்ந்த பட்டியலை யாராவது நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுவதே நல்லது. கையில் இருந்தால் ஒருநாள் யாராவது கேட்பார்கள். தொற்றுத் தடமறியும் டிரேஸ்டுகெதர் தரவைக் குற்ற விசாரணைக்குக் காவல்துறை பெறமுடியும் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தபோது எழுந்த கசப்பை ஊர் மறக்கவில்லை. கடுமையான ஏழு வகைக் குற்றங்களுக்கு மட்டும் என்று அடுத்த மாதமே சட்டம் போட்டு எல்லை வகுக்கவேண்டியிருந்தது.

வாடகை புளோக்கின் வரைபடம்

வெளிநாட்டு ஊழியர்களைவிட்டுக் குடியிருப்புப் பேட்டைகளுக்கு வந்தால் சிக்கல் தலைகீழ். இங்கே தரவு அதிகம் தெரியப்படுத்திவிடுகிறது.

வீவக ஒரு கோப்பு தருகிறது, ஒவ்வொரு புளோக்குக்கும் ஒரு வரி. எத்தனை மாடி, எந்த ஆண்டு கட்டியது, கீழே கடை உண்டா, உணவங்காடி உண்டா, விற்கப்பட்ட மூவறை எத்தனை, நான்கறை எத்தனை என்று போய்க் கடைசிப் பத்திகளில் வாடகை ஓரறை வீடுகள் எத்தனை, ஈரறை எத்தனை என்றும் இருக்கும். வாடகை வீடு என்றால் குறைந்த வருமானக் குடும்பம் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகளுக்குத் துணைப்பாட வகுப்பு எங்கே தொடங்குவது, இலவச மருத்துவ முகாம் எந்தப் பேட்டையில் என்று யோசிக்கும் அமைப்புக்கு இதைவிடக் கச்சிதமான வழிகாட்டி கிடையாது. ஒரு பிற்பகலில் தீவு முழுவதும் உள்ள வாடகை புளோக்குகளை வரிசைப்படுத்திவிடலாம்.

இணைக்கும்போது சில்லறைத் தொல்லைகள் வரும். பஃப்லோ ரோட்டு புளோக்குகளை வீவக ‘சென்ட்ரல் ஏரியா’ நகரில் வைக்கும், கணக்கெடுப்போ அவற்றை ரோச்சோரில் வைக்கும். ஒரு கோப்பில் ஜாலான் முழுதாக இருக்கும், இன்னொன்றில் சுருக்கிய மூன்றெழுத்தாக இருக்கும். மூத்தோர் பராமரிப்பு நிலையங்களின் பட்டியலை எடுத்தால் புதுப்பித்த தேதியை முதலில் பாருங்கள். பழைய பட்டியலை நம்பித் தாத்தாவை அனுப்பிவைத்து, அங்கே நிலையமே இடம் மாறியிருந்தால் பழி நமக்குத்தான். தொலைபேசியில் ஒரு முறை கூப்பிட்டுக் கேட்டுவிடுவதை எந்தக் கோப்பும் மிச்சப்படுத்தாது.

உண்மையான சங்கடம் வரைபடம் போட்ட பிறகு தொடங்கும். வாடகை புளோக்குகளுக்குச் சிவப்புப் புள்ளி வைத்து, ‘உங்கள் உதவி தேவைப்படும் இடங்கள்’ என்று நிதி திரட்டும் பதிவில் போட்டால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அந்த புளோக்கில் வசிக்கும் பிள்ளையின் வகுப்புத் தோழனும் அதே படத்தைப் பார்ப்பான். எல்லாம் ஏற்கெனவே பொதுவில் இருக்கும் தகவல்தானே என்று வாதாடலாம். பல்லாயிரம் வரிகளுக்குள் புதைந்திருப்பதும், சிவப்புப் புள்ளியாக முகநூலில் மிதப்பதும் ஒன்றல்ல. திட்டமிடும் குழுவின் மேசையில் புளோக் வரை நெருங்கிப் பார்க்கட்டும். வெளியே போகும் படம் வட்டாரத்தோடு நிற்கட்டும்.

இதில் வீவகவே ஒரு முன்மாதிரி. 1990 முதலான மறுவிற்பனைப் பதிவுகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. புளோக் எண், சாலை, பரப்பளவு, விலை எல்லாம் இருக்கும். வீட்டு எண் இருக்காது. மாடியும் ‘10 முதல் 12 வரை’ என்று மும்மூன்று மாடிகளாகக் கட்டித்தான் இருக்கும். விலை நிலவரம் அறிய இது தாராளம். எதிர்வீட்டுக்காரர் எவ்வளவுக்கு விற்றார் என்று உறுதியாகச் சொல்ல இது போதாது. அண்டை வீட்டார் மோப்பம் பிடித்துவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

நம் அலமாரியில் இருக்கும் ஆபத்து

அரசாங்கக் கோப்புகளைப் பற்றி இவ்வளவு பேசினாலும், பெரிய ஆபத்து தொண்டு அமைப்பின் சொந்தப் பதிவேட்டில்தான். பெயர், பிறந்த தேதி, கைப்பேசி, அஞ்சல் குறியீடு, அடையாள அட்டையின் கடைசி நான்கு எழுத்துகள், என்ன உதவி பெற்றார் என்று ஒரு எக்செல். அதைப் பொதுத் தரவோடு இணைத்துப் பார்த்தால் சேவை யாரைச் சேரவில்லை என்று தெரியும் என்ற நல்லெண்ணத்தில் ஒரு தொண்டூழிய மாணவரிடம் அனுப்பிவைப்பார்கள், மின்னஞ்சலில்.

அஞ்சல் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். 1995 முதல் இங்கே ஆறு இலக்கம், கட்டடத்துக்கு ஒன்று. தேக்கா நிலையம் பஃப்லோ ரோடு புளோக் 665. அதன் குறியீடு 210665. கடைசி மூன்று இலக்கமும் புளோக் எண்ணேதான். வீவக புளோக் என்றால் நூறு குடும்பத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம். தரைவீடு என்றால் குறியீடே வாசற்கதவு. ஒன்மேப்பில் குறியீட்டைக் கொடுத்து எந்தத் துணைப்பகுதி என்று ஒருமுறை கண்டுபிடித்துக்கொண்டு, ஆய்வுக்குப் போகும் பிரதியில் குறியீட்டுப் பத்தியை அழித்துவிடலாம். துணைப்பகுதி இருந்தால் வேலை நடக்கும்.

அடையாள அட்டை விஷயம் இன்னும் மோசம். 2019 செப்டம்பர் முதல் தேவையில்லாமல் முழு எண்ணைக் கேட்கக் கூடாது என்று விதி வந்ததும் எல்லாரும் கடைசி மூன்று இலக்கமும் எழுத்தும் போதும் என்று மாறினார்கள். அது பாதுகாப்பு என்று நினைத்தோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்ணில் மொத்தம் ஏழு இலக்கம். 1968-லிருந்து இங்கே பிறந்தவர்களுக்கு முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. பதிவேட்டில் பிறந்த தேதியும் இருக்கிறது. கடைசி மூன்றும் இருக்கிறது. தெரியாதவை நடுவிலுள்ள இரண்டே இலக்கம், அதாவது நூறு வாய்ப்புகள். கடைசி எழுத்து மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வருவது, அது பதினோரு எழுத்துகளில் ஒன்று, சூத்திரமும் ஊரறிந்தது. நூறு வாய்ப்பு ஒன்பது பத்தாகச் சுருங்கிவிடும். மறைத்ததாக நினைத்த எண் பாதி திறந்துதான் கிடந்திருக்கிறது.

எண்ணைக் கணினி முறையில் உருமாற்றி வைத்தால் தப்பிக்கலாம் என்பதும் அரை உண்மை. நியூயார்க் நகரம் 2013-ஆம் ஆண்டு டாக்சிப் பயணங்கள், 17 கோடிக்கும் மேற்பட்டவை, அடங்கிய தரவைத் தகவல் கோரிக்கையின் பேரில் கொடுத்தது. வண்டி எண்ணும் ஓட்டுநர் உரிம எண்ணும் உருமாற்றப்பட்டிருந்தன. 2014-ல் விஜய் பாண்டுரங்கன் என்ற பொறியாளர், சாத்தியமான எண்கள் குறைவுதானே என்று எல்லாவற்றையும் உருமாற்றி ஒப்பிட்டு, அத்தனையையும் அவிழ்த்துக் காட்டினார். நம் அடையாள அட்டை எண்ணும் அதே போலக் குறுகிய கட்டத்துக்குள் அடங்கியது. தற்செயலாக ஒரு எண்ணை ஒதுக்கி, எந்த எண் யாருக்கு என்ற பட்டியலைத் தனியே பூட்டி வைப்பதுதான் வழி.

பெரியவர்களும் சறுக்குவார்கள். கணக்கியல், நிறுவன ஒழுங்குமுறை ஆணையம் 2024 டிசம்பர் 9-ஆம் தேதி திறந்த புதிய பிஸ்ஃபைல் தளத்தில் பெயரைத் தேடினாலே முழு அடையாள அட்டை எண் வந்து நின்றது. நான்கு நாளில் அந்தத் தேடலை நிறுத்தினார்கள். அரசு அமைப்புகளுக்கு வேறு சட்டம். தொண்டு அமைப்புகளுக்குத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் முழுதாகப் பொருந்தும், ‘நாங்கள் புண்ணியத்துக்குச் செய்கிறோம்’ என்ற விலக்கு அதில் கிடையாது. தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்தாகவேண்டும். 500 அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தால், அல்லது குறைவானவர்களுக்குக் கடும் பாதிப்பு வருமென்றால், உறுதிசெய்த மூன்று நாளுக்குள் ஆணையத்திடம் சொல்லவேண்டும். சம்பள பாக்கிக்காக முதலாளிமீது புகார் கொடுத்த ஊழியரின் பெயர் கசிந்தால் அந்த ஒருவருக்கே அது ஊர் திரும்பும் டிக்கெட்டாகிவிடலாம். அங்கே ஐந்நூறு என்ற கணக்குக்குப் பொருளில்லை.

தரவே இல்லாத இடத்தில்

இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள்: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டால் என்ன? சிங்கப்பூரில் அப்படியொரு சட்டம் கிடையாது. சென்னையில் நித்யா ராமன் தொடங்கிய ‘டிரான்ஸ்பரன்ட் சென்னை’ குழு அந்தச் சட்டத்தையும் மாநகராட்சிப் பட்டியல்களையும் நடந்து பார்த்த கால்களையும் சேர்த்துப் பொதுக் கழிப்பறைகளையும் குடிசைப்பகுதிகளையும் வரைபடமாக்கியது. அவர் பின்னாளில் லாஸ் ஏஞ்சலிஸ் நகர மன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். இங்கே மனு போகும் பாதை வேறு. நாடாளுமன்ற உறுப்பினரையோ நியமன உறுப்பினரையோ பார்த்து, கேள்வியாக எழுப்பச் சொல்லலாம். அமைச்சரின் எழுத்துபூர்வ பதிலில், எந்தத் தளத்திலும் இல்லாத எண் ஒன்று அமைதியாக வந்து உட்கார்ந்திருக்கும். நாடாளுமன்றப் பதிவேட்டைத் தேடிப் படிக்கும் தொண்டு அமைப்பை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். கேள்வி மட்டும் குறுகலாக இருக்கவேண்டும். ‘ஊழியர் நலன் எப்படி?’ என்று கேட்டால் இரண்டு பத்தி நல்வாக்கு வரும். எந்த ஆண்டு, எந்தத் துறை, எத்தனை புகார், எத்தனை தீர்ந்தது என்று கேட்டால் எண் வரும்.

இரண்டாவது வழி, தாமே எண்ணுவது. தேக்காவின் கஃப் ரோட்டில் 2008 முதல், வேலையிழந்த, காயமுற்ற ஊழியர்களுக்கு இலவச உணவுத் திட்டம் நடத்திய டிடபிள்யூசி2 அமைப்பு, வருகிறவர்களிடம் பேசிப் பேசியே சம்பள பாக்கி, முகவர் கட்டணம் பற்றிய ஆய்வுகளை எழுதியது. அது சோற்று வரிசையிலிருந்து வந்த தரவு. உதவி தேடி வந்தவர்களைப் பற்றி மட்டுமே அது சொல்லும், எல்லா ஊழியருக்கும் அதை நீட்டமுடியாது. அந்த எல்லையைச் சொல்லிவிட்டுப் பேசினால் அமைச்சு அதிகாரியும் காது கொடுப்பார், சொல்லாமல் பேசினால் முதல் கேள்வியிலேயே அடிபட்டுப்போகும்.

தாமே எண்ணியதில் பெரிய முயற்சி வீடற்றோர் கணக்கு. தெருவில் படுப்பவர்கள் எத்தனை பேர் என்று நாடளாவிய பொதுக் கணக்கு எதுவும் இல்லாதிருந்த காலத்தில், லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளியின் இங் கோக் ஹோ 2019-ல் நூற்றுக்கணக்கான தொண்டூழியர்களை இரவில் தீவு முழுக்க நடக்கவைத்தார். வந்த விடை 921-க்கும் 1,050-க்கும் இடையே. ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் இடைவெளியாகச் சொன்னதே அந்த ஆய்வின் நேர்மைக்குச் சான்று. சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு 2022 நவம்பரில் சமூக அமைப்புகளோடு சேர்ந்து தானே ஒரு தெருக் கணக்கு எடுத்தது. 530 பேர் என்று வெளியிட்டது.

முன்னே கணக்கு எடுத்தவர்கள் இருந்ததால் பின்னே வந்த எண்ணை ஒப்பிட ஏதோ ஒன்று இருந்தது. நாட்டவர்வாரி ஊழியர் கணக்குக்கு அப்படியொரு முதல் எண்கூட இன்னும் இல்லை. தேக்காவில் மேசை போடும் அமைப்புகள் ஐந்தாறு கூடி, ஒரே நாளில், ஒரே படிவத்தில், பெயர் கேட்காமல், எந்த மொழி, எந்தத் துறை, எந்த வட்டார விடுதி, எதில் ஏறி வந்தார் என்று நான்கே கேள்வி கேட்டால் அதைத் தொடங்கிவிடலாம். எதில் ஏறி வந்தார் என்ற கடைசிக் கேள்வி, எம்ஆர்டி கோப்பு எத்தனை பேரைத் தவறவிடுகிறது என்பதையும் கூடவே சொல்லிவிடும். படிவத்தைத் தமிழிலும் வங்காளத்திலும் அச்சடிக்கவேண்டும்.